கிராபிக்ஸ் கார்டு வேடிக்கை பார்த்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். முதுகுவலி எப்படி இருக்கிறது? உங்களைக் கேட்டால் "பரவாயில்லை" என்பீர்கள். அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். நான் நலம். கிடங்கு வேலையில் கால்தான் கொஞ்சம் கடுக்கிறது.

மூன்று மாதமாக உதிரிபாகம் வாங்கி, நானே ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தேன். அறைத்தோழி ஒரு நர்ஸ். அவளிடம் கேம் கன்சோல் இருக்கிறது. "என் கிராபிக்ஸுக்கு முன்னாடி உன் பெட்டி நிக்காது" என்று வாயைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்துவிட்டாள். இருவருக்கும் ஒரே கார்ப் பந்தயம், வீட்டுக்காரம்மா நடுவர்.

அவள் திரையில் கார் கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது. என் திரையில் கார் நின்று நின்று நகர்ந்தது.

"ஏம்மா, உன்னுது போட்டோவா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"மூணு மாசமா திருப்புளியும் கையுமா இருந்தது இதுக்குத்தானாடி?" என்று நர்ஸ் சிரித்தாள்.

மானம் கப்பலேறியது. பின்னால் குனிந்து பார்த்தால், திரையின் கேபிளை, படம் காட்டவென்றே வாங்கிய கிராபிக்ஸ் கார்டில் செருகாமல், மதர்போர்டு என்ற தாய்ப்பலகையில் செருகியிருக்கிறேன். அவ்வளவு பெரிய கார்டு சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. நான் டிவி மெக்கானிக்கின் மகள்! கடையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மாற்றிச் செருகியதும் சாலையோரப் புல்லைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஃபேன் சத்தம் ஹெலிகாப்டர் மாதிரி இருக்கே" என்று நர்ஸ் பாதி ஒப்புக்கொண்டாள்.

ஓர் உதவி அப்பா. ஒரு நாள் கடையிலிருந்து எனக்கு போன் போட்டு, மேசைமேல் அப்படியே வைத்துவிடுங்கள். பேச வேண்டாம். ரிப்பேருக்கு வந்த டிவியை நீங்கள் திட்டுவது காதில் விழுந்தால் போதும்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்