இடப்பக்கத்து முடிச்சு

செவ்வாய். மழை விடவில்லை.

பீன்ஸ் பாத்திக்கு நடுவே வளர்த்த கஞ்சாவை அண்ணன் வாழையிலையில் இறுக்கிக் கட்டி, புளிக்கட்டும் என்று எருக்குழிச் சூட்டில் புதைத்திருந்தான். இன்று பார்த்தால் யாரோ அவிழ்த்து, ஒரு பிடி எடுத்துக்கொண்டு, மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

"பக்கத்துக் காம்பரா மணிதான்டா. பொலிஸுக்குப் போயிருவான்" என்றான் அண்ணன், எங்கள் வீட்டை ஒட்டிய அறையைக் காட்டி.

பொலிஸ் வந்தால் எனக்குக் கிடைத்திருக்கும் ஆசிரியர் நியமனமும் போகும்.

முடிச்சைப் பார்த்தேன். விறகுக் கட்டுக்குப் பெண்கள் போடும் முடிச்சு, இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. இந்த லயத்து வீட்டு வரிசையில் இடக்கைக்காரி அம்மா மட்டும்தான்.

சாப்பிடும்போது, "எருக்குழிப் பக்கம் போனியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கென்ன அங்க வேல? ரொட்டி ஆறுது, தின்னு." கொஞ்சம் கழித்து, "மணிகிட்ட போயி சண்ட புடிக்காதீங்கடா. அவன் வாயத் தொறக்க மாட்டான்" என்றாள்.

நான் மணியின் பெயரை எடுக்கவேயில்லை. அண்ணனும் அவளிடம் பேசவில்லை.