மூன்று முறை வந்த கடைசி வரி

என் டிரம்ஸ்காரருக்கு,

நான் பாடம் நடத்தும் இருநூறு வருடப் பழமையான காதல் கவிதைக்கு நீங்கள் போட்ட பாப் மெட்டை என் வகுப்பே முணுமுணுக்கிறது. நான் நடத்தியபோது கொட்டாவி விட்ட கூட்டம்! பரீட்சையில் ‘விளக்கு எரிகிறது, வந்துவிடு’ என்ற கடைசி வரியை எல்லோரும் மூன்று முறை எழுதியிருந்தார்கள்.

“கவிஞர் ஒரு தடவைதானே எழுதினார்?” என்றேன்.

“பாட்டுல மூணு தடவை கூப்பிடுறாரே மிஸ், பாவம்!” என்றாள் ஒருத்தி.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன்.

அந்த வரிக்கு மட்டும் டிரம்ஸை நிறுத்தி, வெறும் குரலில் கூப்பிட்டிருக்கிறீர்களே, அபாரம்!

அம்மா வீட்டில் என் பெட்டியைக் கட்டிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் நம் படுக்கையறையிலிருந்து டிரம்ஸை எடுத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்ட,
உங்கள் மனைவி