எப்போதும் அனுமதி

9 ஜூன் 2025, திங்கள்

எங்கள் போன் கம்பெனி லைனில் புது மாடல் வந்துவிட்டது. பெயரை இங்கேகூட எழுத மாட்டேன், வேலை போய்விடும். ஆனால் என்ன அழகு!

முன்பக்கக் கேமராவைச் சோதிப்பது என் வேலை. பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு போனும் முதலில் பார்க்கிற முகம் என்னுடையது. வாங்கப்போகிறவர் எந்த தேசத்திலோ இருப்பார். மண்ணூர் ஜாஸ்மினைத்தான் அது முதலில் பார்த்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சோதனை முடிந்ததும் என் படம் அழிந்துவிடும். விதி அப்படி. இருந்தாலும் எனக்கு அது பெருமைதான்.

இன்னும் சில வருஷத்தில் என் நாற்காலியில் ரோபோ உட்காரும் என்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். "வரட்டும். மொதல்ல இந்தப் பாத்திரத்தத் தேய்க்கச் சொல்லு" என்றாள்.

12 ஜூன், வியாழன்

அறிவியல் கதைகளில் எனக்கு ஒரே குறை, எதிர்காலம் எப்போது பார்த்தாலும் பெரிய சத்தத்தோடு வருகிறது. கண் சிவந்த ரோபோ, வானத்தில் பறக்கும் தட்டு, ஊரெல்லாம் ஓட்டம். ஒரகடத்தில் கார் கம்பெனிக்குள் வெல்டிங் பண்ணும் ரோபோக் கையைப் பார்த்திருக்கிறேன். சுற்றி வேலி. கதவைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். அவ்வளவு சாது.

நான் கதை எழுதினால் விண்வெளிக் கப்பலுக்கும் ஷிஃப்ட் பஸ் உண்டு. அதுவும் லேட்டாகத்தான் வரும்.

18 ஜூன், புதன்

பஸ் பிரிவைக் கவனிக்கும் ஸ்ரீதர் சார் கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ தப்பு பண்ணிவிட்டேன் என்று பயந்துகொண்டே போனேன்.

ஷிஃப்ட் பஸ்ஸில் வரும் பெண்களுக்காகப் புது ஆப் கொண்டுவருகிறார்களாம். பஸ் எங்கே வருகிறது என்று நமக்குக் காட்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்குக் காட்டும். எல்லாருக்கும் போட்டுக் கொடுத்து விளக்க ஓர் ஆள் வேண்டும்.

"உன்ன விட்டா யாரு ஜாஸ்மின்? நீதான் இங்க போன் பைத்தியம்."

பைத்தியம் என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

23 ஜூன், திங்கள்

கேன்டீன் சுவரில் நான்! ஆளுயரப் படம். கையில் போன், வாய் நிறையச் சிரிப்பு. ஆப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் அதே படம்தான். லைனில் என் பக்கத்து சீட் மஞ்சுளா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி, எலக்‌ஷன்ல நிக்கிறியா?" என்றாள்.

முதலில் அவளுக்குத்தான் போட்டுக் கொடுத்தேன். வீட்டிலிருந்து பார்ப்பவர் என்ற இடத்தில் அவள் அண்ணன் நம்பர். கடைசியில் ஒரு கேள்வி வந்தது.

"இது இன்னா கேக்குது?"

"எங்க கீறேன்னு பாக்க எப்பவும் அனுமதியான்னு கேக்குது. அமுக்கு."

அமுக்கினாள்.

ப்ரைவசி, ப்ரைவசி என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ரேஷன் கடை முதல் சிம் கார்டு வரைக்கும் விரலை வைத்தாயிற்று. மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

29 ஜூன், ஞாயிறு

பஸ்ஸில் எல்லாருக்கும் போட்டு முடித்தாயிற்று. மழையில் நிற்காமல், பஸ் வருவதைப் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். தொழில்நுட்பம் என்றால் இதுதான். அடுத்து பயிற்சிப் பிரிவில் ஆள் எடுக்கும்போது என் பெயரைச் சொல்வதாக ஸ்ரீதர் சார் சொல்லியிருக்கிறார்.

7 ஜூலை, திங்கள்

மஞ்சுளா வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

8 ஜூலை, செவ்வாய்

இன்றும் இல்லை. சொல்லாமல் லீவு போடுகிறவள் இல்லையே. அவள் சீட்டில் யாரோ புதுப் பெண். பேச்சே இல்லை.

9 ஜூலை, புதன்

ஷிஃப்ட் முடிந்ததும் மஞ்சுளா வீட்டுக்கு, பிள்ளைப்பாக்கம் போனேன்.

அவள் அண்ணன் மணிகண்டபிரபு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாம்மா. நீதான அந்த ஆப்புல கீற பொண்ணு? ரொம்ப தேங்க்ஸ்மா. நீ மட்டும் இல்லன்னா, இவ ஞாயித்துக்கிழமையெல்லாம் ஓவர்டைம் ஓவர்டைம்னு சொல்லிகினு ஸ்ரீபெரும்புதூர்ல சுத்தறது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

கிண்டல் இல்லை. மனசாரச் சொன்னார்.

உள்ளேயிருந்து மஞ்சுளா குரல்: "சுத்தலண்ணா. டிரைவிங் ஸ்கூலு. கார் ஓட்டக் கத்துக்கினு இருந்தேன். எத்தினி வாட்டி சொல்றது?"

"அதுக்கு ஏன் பொய் சொன்ன?"

"கேட்டா உடுவியா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். ஞாயிறன்று ஆப்பில் அவளைக் காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே போய், பயிற்சி வண்டியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். தெருவே பார்த்திருக்கிறது. போனைப் பிடுங்கியாயிற்று. வேலைக்கும் போக வேண்டாமாம்.

கிளம்பும்போது மஞ்சுளா கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அமுக்கிட்டேன்டி. இன்னா போட்டுக்கீதுன்னு படிக்கக்கூட இல்ல."

அடிச்சிருந்தாக்கூட பரவால்ல. ஏன் அப்படிச் சொன்னா? நான் படிச்சேனா? நான் மட்டும் படிச்சேனா?

10 ஜூலை, வியாழன்

கதைகளில் வில்லன் இருட்டறையில் ஆயிரம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஊரையே பார்ப்பான். இங்கே பார்த்தவர் லுங்கி கட்டிய ஓர் அண்ணன். திரை உடைந்த போன். காட்டிக் கொடுத்த முகம் என்னுடையது.

இன்று கேன்டீனில் சாப்பிடவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார முடியவில்லை.

11 ஜூலை, வெள்ளி

ஸ்ரீதர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்களைக் காட்டக் கூடாது, அவ்வளவுதான் கேட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எனக்கும் பொண்ணு இருக்கும்மா. அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சாதான் எனக்கு நிம்மதி. தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "சார், கேட்ல என் போன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ள விடறீங்க. கம்பெனி தப்பு பண்ணுதுன்னா ஒட்டறீங்க? வெளிய தெரியக்கூடாதது இருக்கு, அதான. கம்பெனிக்கு அவ்ளோ இருக்கும்போது மஞ்சுளாவுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கக்கூடாதா?"

பேனாவை மூடி மூடித் திறந்தார். "மேல பேசறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. பயிற்சிப் பிரிவுக்கு உன் பேரக் குடுத்திருக்கேன், ஞாபகம் வெச்சிக்க."

மிரட்டவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவர் பேசும்வரை அத்தனை பெண்களும் புள்ளியாக நகர்ந்துகொண்டிருக்க வேண்டுமா? அவர்கள் எல்லாரும் என் பேச்சைக் கேட்டு அமுக்கியவர்கள்.

14 ஜூலை, திங்கள்

சொல்லிட்டேன்!

காலை பஸ். மண்ணூர் தாண்டியதும் நடுவில் எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் போன எடுங்க. அந்த ஆப்புல 'எப்போதும்'னு நான் ஒண்ணு போட்டுக் குடுத்தேன் இல்ல, அத 'ஆப்பத் தொறந்தா மட்டும்'னு மாத்தணும். வேலைக்கு வராத நாள்லயும் நாம எங்க போறோம்னு அது காட்டிகினே இருக்கு."

பின் சீட்டிலிருந்து கலைமதி அக்கா, "நீதான போடச் சொன்ன?"

"ஆமாக்கா. நான்தான் போடச் சொன்னேன், படிக்காம. இப்ப படிச்சிட்டு சொல்றேன்."

பஸ்ஸே சிரித்தது. அப்புறம் ஒருத்தி, "என் வூட்டுக்காரரு கேட்டா இன்னா சொல்ல?" என்றாள். நான் வாய் திறக்குமுன் கலைமதி அக்காவே சொல்லிவிட்டாள்: "பஸ்ஸுல ஏறினா காட்டும், எறங்கினா காட்டாது, ரூல்ஸ் மாறிடிச்சின்னு சொல்லு."

கம்பெனி வருவதற்குள் சீட் சீட்டாகக் கை மாறி எல்லா போனிலும் அது மாறிவிட்டது. நான் தொட்டதே நாலைந்து போன்தான். மீதியெல்லாம் அவர்களே ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தது. இதுவரை எத்தனையோ புது மாடல் பார்த்துவிட்டேன். இவ்வளவு கர்வமாக எதற்கும் இருந்ததில்லை.

15 ஜூலை, செவ்வாய்

சுவரில் என் படம் இல்லை. நாலு மூலையிலும் டேப் மட்டும். ஸ்ரீதர் சார் எதிரே வந்தார். பார்க்காதது மாதிரி போனார்.

21 ஜூலை, திங்கள்

மஞ்சுளா வந்துவிட்டாள்!

அவள் அம்மாதான் அண்ணனிடம் பேசினார்களாம். "அவ வண்டிதான ஓட்டுனா, இன்னாத்த கெட்டுப்போச்சி" என்று. அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலைக்குப் போக மட்டும் சரி என்றிருக்கிறார். டிரைவிங் ஸ்கூல் பற்றி வீட்டில் இப்போதைக்கு வாய் திறக்க முடியாது.

சாரி சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ல நீ நின்னு பேசனத எல்லாரும் சொன்னாங்கடி. அத்த நேர்ல பாக்காம பூட்டேனே" என்றாள். டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். எலுமிச்சை சாதம். இரண்டு பேருக்குத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

30 ஜூலை, புதன்

பயிற்சிப் பிரிவுக்கு வேறு ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் யாரை ஏமாற்ற? ஆனால் அந்த வேலைக்காக பஸ்ஸில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

ஸ்ரீதர் சார் லைனுக்கே வந்தார். ஆப் மாறியிருக்கிறதாம். இனி வீட்டுக்கு பஸ் மட்டும்தான் தெரியும், நாங்கள் தெரிய மாட்டோம். பஸ்ஸில் ஏறினோமா, இறங்கினோமா, அவ்வளவுதான்.

"இப்படி எல்லாரும் அணைச்சு வெச்சிட்டா எங்களுக்கு வேற வழி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பொண்ணு போன்ல இருந்த அந்த மாதிரி ஆப்பையும் எடுத்துட்டேன். நேத்து அவளா கூப்பிட்டு எங்க இருக்கேன்னு சொன்னா."

நல்ல மனுஷர்தான். அதை நான் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் கருத்து, கேட்பார் யாரும் இல்லாவிட்டாலும்: எந்திரத்தின் மேல் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை. போகவும் போகாது. ஆனால் அது ஏதாவது கேட்டால், பதில் சொல்லுமுன் முழுசாகப் படிப்பேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

மஞ்சுளா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கையில் புது வளையல்.

"நேத்து ஒரு எடத்துக்குப் போயிருந்தேன்டி" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

எங்கே என்று நான் கேட்கவில்லை. லைன் ஓட ஆரம்பித்தது.