அறவேண்டிய கயிறு

சித்தாண்டி முருகன் துணை

பெரியகல்லாறு,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ தோகாவில் சுகமாய் இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், அந்த வெயிலுக்குள் தொப்பி போடாமல் நிற்கவில்லை என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, தங்கச்சி தனுஷியா சுகம், சித்தாண்டியில் பெரியப்பாவின் வயல் வட்டையில் வெட்டு முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் ஒரு கிழமையாய் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, கிளினிக்கில் காட்டினேன், சீனியும் இல்லை, பிறசரும் இல்லை, இது வெறும் பயம் மகன். ஞாயிற்றுக்கிழமை வாவியில் நடக்கிற பாய்ப்படகுப் போட்டியில் தங்கச்சியோடு அந்தப் பழைய படகில் நான் ஏறப் போகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அழைப்பு வந்தால் அம்மா அடுப்பில் இருப்பதையும் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள், அவளுக்கு இது இன்னும் தெரியாது. அதோடு சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் எனக்கு அது போதும், உடனே நின்றுவிடுவேன். அதனால்தான் காகிதம். காத்தான்குடி றிஸ்லான் விடுமுறை முடிந்து தோகாவுக்குத் திரும்புகிறார், நாளைப் பின்னேரம் வந்து இதை வாங்கிக்கொள்வார். உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

படகை இப்போது கண்டால் உனக்கு அடையாளம் தெரியாது. சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பயம் தெளியட்டும் என்று வெளிநாட்டு ஆட்கள் கொண்டுவந்து பழக்கிவிட்டு, போகும்போது ஊர் விளையாட்டுக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களே, நீ ஓட்டிய அதே படகுதான். நீ போன பிறகு அது வாசிகசாலைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது, அதற்குள் யாருடைய கோழியோ முட்டை இட்டு அடை கிடந்தது. தங்கச்சி அதை வளவுக்குள் கொண்டுவந்து மாமரத்துக்குக் கீழே நிமிர்த்தி வைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, வெளியே கசிகிற இடங்களுக்கெல்லாம் சோக்கால் வட்டம் போட்டாள். ட்யூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை பார்த்துப் பழகிய எனக்கு அது நல்ல வேடிக்கை. பைபர் துணியும் பசையும் வைத்து ஒட்டி, காய்ந்ததும் தேய்த்தாள், நானும் சும்மா இருக்க முடியாமல் சுக்கானின் தேய்ந்த பிணைச்சலை மாற்றிக் கொடுத்தேன், கடைசியில் கடையில் நின்று நிறம் சொல்லிக் கலக்குவித்து இ.போ.ச. பஸ்ஸின் சிவப்பையே படகுக்கு அடித்தேன். தரையில் நிற்கிறவரைக்கும் அது எனக்கும் பிடித்த படகு. தண்ணீரில் இறங்கினால் அது பிறேக் இல்லாத வாகனம், முப்பது வருடம் கல்முனை றோட்டில் பஸ் ஓட்டிய எவனும் அப்படி ஒன்றில் தன் பிள்ளையை ஏற்றமாட்டான்.

நீ வேலை செய்கிற படகு யார்ட்டில் கழித்துவிட்ட பாயையும், வெள்ளையில் நீலப்புள்ளிக் கயிற்றையும் அனுப்பினாயே, அந்தப் பாய் கொஞ்சம் வெட்டித் தைத்ததும் அளந்தெடுத்தது போலப் பொருந்திவிட்டது. கயிற்றில் பாய் ஏற்றவும், கையில் பிடிக்கவும் எடுத்தது போக ஒரு துண்டு மிஞ்சியது. ஒருநாள் அவள் வெளியே போயிருந்த நேரம் நான் வழமைபோல ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். சில்லின் நட்டுகளைத் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் டிப்போவை விட்டு நான் பஸ் எடுத்ததில்லை, அந்தப் பழக்கம் விடாது. பாயின் அடியில் குறுக்காய் ஒரு தடி வரும், அதன் கீழே ஒரு கப்பி தொங்கும், கையில் பிடிக்கிற கயிறு அதற்குள்ளால்தான் ஓடும். அவ்வளவு பெரிய பாயின் இழுவையெல்லாம் அந்தக் கப்பியில். அதைப் போய் வெறும் தென்னந்தும்புக் கயிற்றால், இரண்டு சுற்றுக் கட்டி வைத்திருந்தாள், இழுத்தால் கையோடு வரும் போல இருந்தது. பிள்ளை கவனிக்கவில்லை என்று நினைத்து, அதை வெட்டி எறிந்துவிட்டு, உன் கயிற்றின் மிச்சத் துண்டால் பஸ் கூரையில் நெல் மூட்டை கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கினேன். அன்றைக்கு நிம்மதியாய் நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவளும் கூட்டாளி அஜந்தாவும் படகை எடுத்துப் போனார்கள். மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று. நான் கண்ணாப் பற்றைக்குப் பக்கத்தில் கரையில் நின்றேன். சிவப்புப் படகு நல்ல அழகாய்த்தான் போனது. திடீரென்று மேற்கே தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது, காற்று வருவதைக் கண்ணால் கண்டேன் மகன், என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. படகு ஒரு பக்கம் சரிந்தது. எழும்பும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பவில்லை. பாய் அப்படியே தண்ணீரில் படுத்தது, இரண்டு தலையும் இல்லை. நான் ஓடி இறங்கினேன், முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும் கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியவில்லை. என் பிள்ளை தண்ணீருக்குள், நான் முழங்காலளவில் நின்று கத்துகிறேன். போன மாதம் அந்தப் பக்கம் முதலை கண்டதாய்ச் சொன்னார்கள், அதுவும் அப்போதுதான் ஞாபகம் வந்து தொலைக்க வேண்டுமா. பிறகு படகின் அடியில் ஒரு கை தெரிந்தது, மறுகா இன்னொன்று. இறால் வலை பார்த்துக்கொண்டிருந்த இளையதம்பி அண்ணன் வள்ளத்தை வலித்துப் போய் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அஜந்தாவின் கை மணிக்கட்டில் உடைந்திருந்தது, கயிற்றுக்குள் அகப்பட்டு.

தங்கச்சி கரைக்கு வந்து அழவும் இல்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. அஜந்தாவை ஓட்டோவில் அவளுடைய தாயோடு ஏற்றி அனுப்பிவிட்டு, இழுத்துக்கொண்டு வந்த படகுக்குப் போய், அந்தக் கப்பியைத் தூக்கிப் பார்த்தாள். என் முடிச்சு அப்படியே இருந்தது, ஒரு நூல் அசையவில்லை. இதை யார் மாற்றினது என்று கேட்டாள், நான் சொன்னேன். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு மெதுவாய்த்தான் சொன்னாள்: “அப்பா, அது அறுறதுக்கெண்டுதான் கட்டினது.”

கையில் பிடித்த கயிறு இறுகி விட முடியாமல் போனால், அந்தத் தும்புக் கயிறு தானாய் அற வேண்டுமாம். அது அறுந்தால் தடி விலகிப் போகும், பாய் காற்றை விட்டுவிடும், படகு தானாய் நிமிரும். அன்றைக்குக் கயிறு அஜந்தாவின் கையைச் சுற்றி இறுகியது, அறவேண்டியது அறவில்லை. படகில் பிறேக் ஒன்று இருந்திருக்கிறது, பார்த்தாயா. அதைத்தான் நான் வெட்டி எறிந்திருக்கிறேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் கேள். பஸ் சாவியைக் கழற்றுவது போல சுக்கானைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். உன் கயிற்றுத் துண்டைக் கோபத்தில் கோழிக்கூட்டுக்கு மேல் எறிந்தேன். தங்கச்சி சுக்கான் இல்லாத படகையே ஒவ்வொரு நாளும் கழுவித் துடைத்தாள். அம்மாவின் பக்கத்துச் சனம் வந்து, குமர்ப்பிள்ளை தண்ணீருக்குள் விழுந்தெழும்பித் திரிந்தால் நாளைக்கு யார் கேட்டு வருவான் என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே புத்தி சொல்லிவிட்டுப் போனது. அதோடு கழகத்துக்காரர் கூடி, இது பழைய படகு, ஆபத்து, ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஒரு முழுச் சுற்று ஓடி முடிக்காவிட்டால் இனி இதைத் தண்ணீரில் இறக்க விடமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். தங்கச்சி சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாய் பிடிக்கப் பழக்குவது இந்த ஒரு படகை வைத்துத்தான், இது போனால் அதுவும் போச்சு. வெல்ல வேண்டியதில்லை, கவிழாமல் போய்ச் சுற்றிக் கிறுகி வந்தால் காணும். ஆனால் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். அஜந்தா கையில் கட்டோடு இருக்கிறாள், மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் இனி விடமாட்டோம் என்கிறார்கள். நான் அவர்களில் குறை சொல்லமாட்டேன், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கெடுத்தவன் நான், போன வெள்ளிக்கிழமை அலுமாரியைத் திறந்து சுக்கானைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, நான் வாறன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். கச்சான் காற்றுக்கு என் பாரம் நல்லதாம், இந்த வண்டி வயிற்றைக் குறைக்கச் சொல்லி அம்மா ஏசிய ஏச்சுக்கெல்லாம் ஒரு பதில் கிடைத்தது. சுக்கான் அவள் கையில், பாய்க்கயிறு என் கையில். காற்று அடித்தால் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கயிற்றை விட வேண்டும். கேட்கச் சுகம் மகன். என்னால் விட முடியவில்லை. மாமரத்துக்குக் கீழே, தரையில் நிற்கிற படகுக்குள் என்னை இருத்திவிட்டு, பின்னால் நின்று “விடுங்க” என்று கத்துவாள், கத்தினதும் என் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பயம் வந்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வளர்ந்த கை அது. கட்டுநாயக்கா எயார்போட்டில் உன் பையின் வாரைப் பிடித்தபடி நின்றேனாம், நீதான் ஒவ்வொரு விரலாய்க் கழற்றிவிட்டு உள்ளே போனாயாம், அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நான் அதைச் சிரிப்பாய் எடுக்கிறதில்லை. நேற்றுத்தான் தங்கச்சி கத்த முன்னமே கை விட்டது. தும்புக் கயிற்றையும் நானே புதிதாய் வாங்கி வந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க அவள் சொன்ன மாதிரி இரண்டே சுற்றுக் கட்டினேன். கட்டும்போது கை கூசியது, மூன்றாவது சுற்றுக்கு அந்தரப்பட்டது, ஆனால் போடவில்லை.

எனக்கு இன்னும் பயம்தான். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கண்ணை மூடினால் அந்தக் கறுத்த தண்ணீர் வருகிறது. எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை, வாழ்ந்தவன். என் கை ஒரு கணம் பிந்தினால் பிள்ளையும் என்னோடு போகும், அதுதான் என் பயம் முழுவதும். இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அம்மாவிடம் போட்டி பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதோடு நிறுத்துகிறேன், விளக்கு வைக்கக் கூப்பிடுகிறாள்.

சனிக்கிழமை. மகன், றிஸ்லான் வர முன் இதையும் எழுதிவிட வேண்டும். கழகத்தில் தந்த மிதக்கிற ஜக்கெற் ஒன்றை நான் அம்மாவுக்குத் தெரியாமல் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அது எனக்குப் பொருந்தாது, வயிற்றைச் சுற்றி வார் ஒரு சாண் எட்டாது, எட்டாமலே எப்படியாவது கட்டிக்கொண்டு போவோம் என்று நினைத்திருந்தேன், தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை. இன்று காலை எடுத்துப் பார்த்தால் வார் நீண்டிருக்கிறது. நீலப்புள்ளிக் கயிறு. நான் கோழிக்கூட்டுக்கு மேல் எறிந்த துண்டை யாரோ தேடி எடுத்து, கொஞ்சத்தை இழை பிரித்துச் சாக்கூசியில் கோர்த்து, மிச்சத்தை வாரோடு வைத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாய்த் தையல் போட்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தேன், உன் அம்மா கேதீஸ்வரி குசினி வாசலில் நிற்கிறாள். மாமரத்துக்குக் கீழே ஒரு கிழமையாய்க் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது அவளுக்குத் தெரியாதாமா, அவளுக்கென்ன கண் இல்லையா என்று கேட்டாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்ட வந்து அந்த வாரை என் வயிற்றைச் சுற்றிக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “இது மட்டும் அறக்கூடா. அதான் மகன்ட கயித்தால தைச்சன்” என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

றிஸ்லானிடம் அம்மா இறால் கருவாடும், ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறாள், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் பகிர்ந்து கொடு. நீ வேலை செய்கிற படகுகளில் எந்த இடத்தில் எந்தக் கயிறு என்று விளங்காமல் கை வைக்காதே, விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேள், உன் தகப்பன் கேட்காமல் விட்டவன். சித்தாண்டி முருகன் உன்னையும், நாளைக்குத் தண்ணீரில் எங்களையும் பார்த்துக்கொள்ளட்டும். நீ நல்லாய் இருப்பாய் மகன்.

ஜக்கெற்றை இன்னும் கழற்றவில்லை, போட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

உன் அப்பா,
க. அரசரெத்தினம்