வெளியே தெரிகிற பை

ராஜகீழ்ப்பாக்கம்
16.2.1993

அன்புள்ள அம்மாவுக்கு சாராளின் ஸ்தோத்திரம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாமல் படியுங்கள். ஆஸ்துமா தெரிந்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்றீர்களே, அதனால் போன வாரமும் பம்ப் அடிக்க ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். மூன்று முறை அடித்தும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. பியூன் சேட்டு அண்ணன் கதவை உடைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"இன்னாம்மா, மூச்சு வுடுறத கூட ஒளிஞ்சிகினு செய்வியா?" என்று திட்டினார்.

இனி ஒளிய மாட்டேன். பம்ப் இப்போது டைப்ரைட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச் சுடிதாரில், வெளியே தெரிகிற மாதிரி, அதற்கு ஒரு பை வைத்துத் தையுங்கள். இங்கே யார் தைத்தாலும் உங்கள் தையல் போல வராது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஈஸ்டருக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தச் சுடிதாரில்தான் காபி கொடுப்பேன்.

சாராள்