இன்சிசிவ் என்று பெயர் வாங்கிய மகளுக்கு

அன்பு மகள் ஜெபிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் ஹாம்பர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை நிரந்தரமான சேதி வந்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை, நீ கூப்பிட்டால் போனையும் பறித்துக்கொள்கிறார். அதனால்தான் மஸ்கோத் அல்வாப் பார்சலோடு இந்தக் கடிதம்.

வேலையை நிரந்தரமாக்கிய கடிதத்தில் உன் மேலதிகாரி உன்னை இன்சிசிவ் என்று எழுதினாரே, அது எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டாய். உள்ளே வெட்டுவது என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் முன்வாய் வெட்டுப்பல்லின் இங்கிலீஷ் பெயருக்கும் அதே வேர்தான். முதலில் கத்திக்குத்தான் சொன்னார்கள், வெகுகாலம் கழித்துத்தான் அறிவுக்குச் சொன்னார்கள். ஆளைக் குத்துகிற கூர்மை இல்லை மகளே, விஷயத்துக்குள் இறங்குகிற கூர்மை. நுங்கு சீவுகிறவர் அரிவாளை எங்கே வைத்தால் கண் உடையாமல் வருமோ அங்கேதானே வைப்பார். உன் கப்பல் கம்பெனிக் கூட்டத்தில் எல்லோரும் சரக்கு ஏற்றும் திட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருக்க, முதல் துறைமுகத்தில் இறக்க வேண்டிய பெட்டி அடியில் கிடக்கிறதே, எப்படி எடுப்போம் என்று நீ ஒரே கேள்வி கேட்டாயே, அதுதான் இது. வேலை போய்விடும், இனி வாயே திறக்க மாட்டேன் என்று அன்று நீ அழுததை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

இங்கே நடந்ததைக் கேள். அப்பா ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் மகள் இன்சிசிவ் என்று பெயர் வாங்கியதற்காக என்று எழுதிப் போட, குருவானவர் அப்படியே வாசித்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் அது பட்டமா நோயா என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றது யார், உன் தேவகனி அத்தை! ஏளா, இப்படி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசுனா ஒன்ன எவன் கட்டுவான் என்று ஞாயிறு பள்ளியிலேயே உன்னை அடக்கினவள். அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, நீங்க ஏசி ஏசி அடக்குன வாய்க்குத்தான் மதினி இந்தப் பேரு என்று ஊர் கேட்கச் சொன்னேன். எத்தனை வருஷ ஆசை!

அத்தை சமாளித்துக்கொண்டு, தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஜெபிஷா மாதிரி நீங்களும் தைரியமாக் கேள்வி கேக்கணும் என்றாள். உடனே ஒரு பொடிசு, அப்ப அந்த அக்காவ எதுக்கு ஏசுனீய டீச்சர் என்று கேட்டது. அத்தை உடனே, ஜெபம் பண்ணுவோம், எல்லாரும் கண்ண மூடுங்க என்றாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அல்வாவை வந்த அன்றே டப்பாவில் போட்டு இறுக்கி மூடு. வாயை மட்டும் மூடாதே.

முத்தையாபுரத்திலிருந்து,
உன் அம்மா
ஜெயஷீலா ஜெபசிங்