மூன்று வர்க்கங்களும் குறுக்கே இழுத்த ஒரு கோடும்

எங்கிருந்தாலும் காதில் பென்சில் சொருகியிருக்கும் என் நடராசா அண்ணைக்கு,

பட்டியல் போடாமல் எழுதினால் எனக்குத் தடுமாறும். ஆகவே முதலில் அது:

1. அக்கராயனில் இம்முறை விதைப்பு.
2. உங்கள் கொப்பியில் நான் கண்ட பிழை.
3. கனங்களைப் பற்றி ஒரு கேள்வி.

என் விதைநெல்லைப் புறாக்கள் தின்றுவிட்டன, அண்ணை. இருமுறை உழுது, புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எறிந்த பிறகு இன்னொருமுறை உழுது மூடவேண்டும் என்று வருடாவருடம் நினைவூட்டியவர் நீங்கள்தானே. உங்கள் மனைவி பாக்கியம் அக்கா வேலிக்கு அப்பால் நின்று சிரித்தா.

“வாத்தியார், உழுதுபோட்டு விதைக்கிறதும் விதைச்சுப்போட்டு உழுறதும் உங்களுக்கு ஒண்டே?”

“இல்லை அக்கா, தெரியும்...”

“தெரிஞ்சே புறாவுக்கு விருந்து வைச்சனீங்கள்?”

பிறகு உங்கள் கொப்பியைக் கொண்டுவந்து தந்தா. “இந்தாங்கோ. நீங்கள் பிழை எண்டு சொன்ன நாளிலயிருந்து அவர் இதைத் திறக்கேல்லை.”

நான்கு எண்களை மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நிறுத்தும் தாயங்கள், அதாவது அணிகள், பற்றிய பக்கம் அது. அவற்றில் எதை முன்னே வைத்துப் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மேலே 0, 1. கீழே 0, 0. இந்தத் தாயம் எதனுடைய வர்க்கமும் அல்ல. ஆனால் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்றீர்கள். நான் சரிபார்த்துவிட்டு, “பிழை, அண்ணை” என்றேன். “ஓம், நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்று குறுக்கே கோடிழுத்தீர்கள். அடுத்த மாதம் கண்ணை மூடிவிட்டீர்கள்.

அந்தப் பிழையை இங்கே எழுதிக்காட்டத்தான் இப்போது கணக்கை மறுபடி செய்தேன். முதல் இரண்டு வர்க்கங்களையும் நான் அன்று தனித்தனியாகக் காணவில்லை. அந்த இரு தாயங்களையும் கூட்டி, வர்க்கித்து, பெருக்கத்தின் இருமடங்கைக் கழித்திருந்தேன். வகுப்பில் வாழ்நாளெல்லாம் கற்பித்த குறுக்குவழி. ஆனால் இங்கே முன்பின்னாகப் பெருக்கியதையும் பின்முன்னாகப் பெருக்கியதையும் வேறுவேறாகவல்லவா கழிக்கவேண்டும்? அக்காவின் கேள்வி காதில் விழுந்தது.

தனித்தனியாக வர்க்கித்தேன். மேலே 1, 1. கீழே 0, 0: வர்க்கமும் அதுவே. மேலே 0, 1. கீழே −1, 0: வர்க்கம் மேலே −1, 0. கீழே 0, −1. மேலே 0, 0. கீழே 0, 1: அதுவும் மாறாது. மூன்றையும் கூட்டினேன். மேலே 0, 1. கீழே 0, 0.

கனங்களென்றால் இதே தாயத்துக்கு இரண்டே போதும் போலிருக்கிறது. முழு எண்களாலான எல்லாத் தாயங்களும் கனங்களின் கூட்டுத்தொகையாக வருமா? எத்தனை கனங்கள் போதும்? நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்களோ?

கொப்பியின் மிச்சப் பக்கங்களில் அதைத் தேடுவேன், குறுக்குவழி இல்லாமல். ஒவ்வொரு பெருக்கத்தையும் இருபுறமும் செய்து பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் கோட்டை அழிறப்பரால் அழித்துவிட்டேன். என் பட்டியலில் இரண்டாவதை வெட்டாமல் விடுகிறேன். என் கையெழுத்தில் அது அப்படியே கிடக்கட்டும். அந்த வரி தவறு, அண்ணை. கொப்பியில் பிழை இருக்கவில்லை. பிழை விட்டது நான்.

வேலிக்கு இப்பால் இருக்கும்
உங்கள் தம்பி